இல்லாத மூலைக்கு ஒரு கண்ணாடி

மருமகளின் சாமான்கள் ஒரு சிறிய லாரியில் வந்து இறங்கின. அதில் பாதி இடத்தை ஒரே ஒரு மேசை அடைத்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் தொழில்.

"நிலை மூணடி நாலு அங்குலம். மேசை மூணடி ரெண்டு. சாய்க்காம நேரா வாங்க, நுழையும்" என்றார் மாமனார், வாசலில் நின்றபடி. டேப்பைத் தொடாமலே சொன்னார். மேசை நுழைந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினாறு வருடமாகியும் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். அவர் நட்ட எல்லைக்கல்லை எந்தக் கோர்ட்டும் அசைத்ததில்லை. எழுபத்து நாலு வயதிலும் தூக்குநூல் விட்டதுபோல் நிமிர்ந்து நிற்கும் முதுகு. மனைவி போய் நாலு வருடம். அப்பா தனியாக இருக்கக்கூடாது என்று மகன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கு ஊர் ஊராகச் சுற்றும் உத்தியோகம். வாரக் கடைசியில்தான் வீட்டில் கால் தங்கும்.

மருமகள் வேலைக்குப் பின்னறையைத் தேர்ந்தெடுத்தாள்.

"அது வேண்டாம்மா. வெளிச்சம் பத்தாது."

"முற்றத்தைப் பாத்த வடக்கு ஜன்னல் மாமா. படம் போடுறவங்களுக்கு அதைவிட வேற என்ன வேணும்?"

அவரிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் நாற்பத்தாறு வருடம் ஓட்டியாகிவிட்டது.

இரண்டு வாரம் போயிற்று. மருமகள் தாளைக் கிழித்துப் போடுவதும் நகத்தைக் கடிப்பதுமாக இருந்தாள். "கோடே ஓட மாட்டேங்குது மாமா. யாரோ தோளுக்கு மேல எட்டிப் பாக்கற மாதிரியே இருக்கு" என்றாள். பிறகு எங்கிருந்தோ ஃபெங் ஷுயி என்கிற சீன வாஸ்துப் புத்தகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். ஓடாத கடிகாரங்கள், கால் உடைந்த நாற்காலி, பூஞ்சை பிடித்த கோப்புகள் எல்லாம் வெளியேறின. வாசலை மறித்த செருப்பு அலமாரி இடம் மாறியது. காற்று வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியது.

"நாலு மூட்டைக் குப்பையத் தூக்கி எறிஞ்சா எந்த வீடும் நிம்மதியாத்தான் இருக்கும். இதுக்கு எதுக்கும்மா சீனாக்காரன்?"

"நாப்பது வருஷமா யாரும் எறியலையே மாமா. அதுக்குத்தான் சீனாக்காரன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவர் சிரித்து வெகுநாளாயிற்று.

அடுத்த நாள் ஃபோனைக் கையில் நீட்டியபடி அறை அறையாகத் திசை பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்கவில்லை அவருக்கு. "சுவருக்குள்ள கரண்டுக் கம்பி ஓடுது. அந்தப் பெட்டி காட்டுறதெல்லாம் ஒரு திசையா?" என்று சொல்லிவிட்டு, தன் பித்தளைத் திசைமானியை எடுத்து வந்தார். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வீட்டின் வரைபடத்தை அளவு பிசகாமல் போட்டுக் கொடுத்தார்.

மருமகள் அதன்மேல் ஒன்பது கட்டங்கள் போட்டாள். பென்சில் ஓரிடத்தில் நின்றது.

"மாமா, தென்மேற்குக் கட்டத்துல வீடே இல்லையே. ஒரு மூலை வெட்டின மாதிரி இருக்கு."

"ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்."

"அது வீட்டுப் பெண்களோட மூலையாம் மாமா. அது இல்லாட்டி..." புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு மூடிவிட்டாள். "சரி, விடுங்க."

சர்வேயர் தன் வாழ்நாளில் பொய்யான வரைபடம் போட்டதில்லை. இதுவும் பொய்யில்லை, இன்றைக்கு இருக்கிற வீடு இதுதான். அந்தச் சமாதானத்தைச் சொல்லிக்கொண்டே படுத்தார். தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த மூலையில் ஓர் அறை இருந்தது. ஒன்பதடிக்கு ஒன்பதடி. பின்னறையின் மேற்குச் சுவரில் இருந்த கதவு வழியாகத்தான் அதற்குள் போகவேண்டும். அது அவர் தங்கையின் அறை.

சின்னவளாக இருந்தபோது அவள்தான் அவருக்கு அளவுக்குக் கூட்டாள். அவர் டேப்பைப் பிடித்து நிற்க, நீளப் பின்னல் துள்ள மறுமுனையை இழுத்துக்கொண்டு ஓடுவாள். முனையைச் சரியான இடத்தில் அழுத்திப் பிடித்ததும் டேப்பை இரண்டு தரம் சுண்டுவாள். 'பிடிச்சாச்சு, படிக்கலாம்' என்று அதற்கு அர்த்தம். அந்தச் சுண்டு வராமல் அவர் அளவு படிக்கமாட்டார்.

வளர்ந்ததும் கதை எழுத ஆரம்பித்தாள். இருபத்திரண்டாவது வயதில் ஒரு வாரப்பத்திரிகையில், சொந்தப் பெயரிலேயே, அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்ததை எழுதிவிட்டாள். அப்பா போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. "செத்தவர் மானத்தைச் சந்தியில கொண்டுவந்து போட்டுட்டியே!" என்று அண்ணன் குதித்தார். "நடந்ததைத்தானே அண்ணா எழுதினேன்" என்றாள் அவள். மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்றுவிட்டாள்.

அந்த வாரமே அவருக்குப் பெண் கொடுக்க ஆட்கள் வீடு பார்க்க வந்தார்கள். பெரிய இடம். இவள் முன்னால் வந்து நின்று அவர்கள் ஏதாவது கேட்டுவைத்தால்? அறைக் கதவை வெளியில் தாழிட்டார். தங்கை வேறு ஊரில் படிக்கிறாள் என்று வந்தவர்களிடம் சொன்னார்.

அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு, எப்போதும் நெஞ்சில் தைலம் தடவியிருப்பாள். மருந்துப் புட்டி கூடத்து அலமாரியில் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு. இடைவெளி. மீண்டும் இரண்டு.

அவர் எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

வந்தவர்கள் ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள். தட்டல் அதற்கு வெகுமுன்பே நின்றிருந்தது.

குடும்ப டாக்டர் இறப்புச் சான்றிதழைக் கேட்டபடி எழுதிக் கொடுத்தார். வேறு ஊரில் காய்ச்சலில் போனாள் என்று பெண் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கல்யாணத்துக்குள் அந்த அறையை இடித்துத் தரைமட்டமாக்கி, கதவு இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்தார். இப்போது அங்கே சிமெண்டுத் தளம். மேலே ஒரு துணிக்கொடி. அம்மா அந்தப் பக்கம் போகாமலே செத்தாள். கட்டிக்கொண்டு வந்தவளுக்கு உண்மை கடைசிவரை தெரியாது, செத்தவள் பேச்சையே எடுக்கக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். மகனுக்கு அத்தை ஒருத்தி இருந்தாள் என்பதே தெரியாது.

இதைத்தான் அவர் குடும்ப மானம் என்று காத்து வந்தார்.

ஒருநாள் மத்தியானம் நூலகத்திலிருந்து திரும்பினார். பின்னறை மாறியிருந்தது. உட்காருகிறவள் முகத்துக்கு நேரே வாசல் தெரியும்படி மேசை திரும்பியிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் மேற்குச் சுவர். அந்தச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று.

கதவு இருந்த அதே இடத்தில்.

"வீட்டுல ஒரு மூலை இல்லைன்னா அந்தப் பக்கச் சுவர்ல கண்ணாடி மாட்டணுமாம் மாமா. கண்ணாடிக்குள்ள தெரியற இடம் அந்த மூலையத் திரும்பக் கொண்டுவந்துடுமாம். முதுகுக்குப் பின்னாடி கண்ணாடி ஆகாதுன்னும் ஒரு கட்சி இருக்கு. பாப்போமே!"

"திரும்பக் கொண்டுவந்துடுமா?" என்றார் அவர். குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

அன்று முதல் மருமகளுக்குக் கோடு ஓடியது. பக்கம் பக்கமாக வரைந்தாள். கூடவே இருமலும் வந்தது. பிறகு மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் சன்னமாக ஒரு விசில். "தூசியா இருக்கும். இதுக்கு முன்னாடி எனக்கு இப்படி வந்ததே இல்ல" என்றாள்.

அறையில் தைல வாசனை அடித்தது.

"தைலம் ஏதாவது தடவினியாம்மா?"

"இல்லையே மாமா."

நாலாம் நாள் சாயங்காலம் காபி கொண்டுபோனார். மருமகள் குனிந்து வரைந்துகொண்டிருந்தாள். பின்னால் கண்ணாடியில் அவள் முதுகு தெரிந்தது. காபியை வைத்துவிட்டுத் திரும்பி, வாசலைத் தாண்டி நாலடி நடந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மருமகளுக்குக் கழுத்தோடு வெட்டிய கிராப்பு முடி.

கண்ணாடியில் தெரிந்த முதுகில் நீளப் பின்னல்.

திரும்பிப் போய்ப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. அறைக்கு வெளியே நின்றபடியே, "அந்தக் கண்ணாடிய எடுத்துடும்மா" என்றார்.

"ஏன் மாமா?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"காரணம் சொல்லுங்க, இப்பவே கழட்டறேன்" என்றாள் அவள், இழுத்த மூச்சுக்கு நடுவே. "நீங்கதானே எதுக்கும் ஆதாரம் கேப்பீங்க?"

காரணம் தொண்டைவரை வந்தது. எழுபத்து நாலு வருடம் நிமிர்ந்து நின்ற முதுகு குறுக்கே நின்றது. அவர் நகர்ந்துவிட்டார். ஒவ்வொரு நாளும் அந்த விசில் கொஞ்சம் கூடியது. அது எங்கேபோய் முடியும் என்று அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்வேயர்கள் சங்கத்திலிருந்து தலைவரும் செயலாளரும் வந்தார்கள். ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுதப் போகிறார்களாம். மகன் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருக்கவில்லை. மருமகள் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இருந்தாள்.

"உங்க அப்பா எப்படிப்பட்டவர்னு ரெண்டு வரி சொல்லுங்க" என்றார் செயலாளர், பேனாவைத் திறந்தபடி.

"ரொம்ப ஒழுக்கமானவர்."

"அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி?"

"யாரும் இல்ல. நான் ஒருத்தன்தான்."

டொக், டொக்.

செயலாளர் எழுதிக்கொண்டிருந்தார்.

டொக், டொக்.

"உள்ள யாரோ தட்டறாங்க போலிருக்கே" என்றார் தலைவர்.

"மருமக. ஆணி ஏதாவது அடிப்பா." வாய் தானாகச் சொல்லிற்று. கை தானாக நீண்டது, மேசைமேல் இருந்த டி.வி. ரிமோட்டை நோக்கி. விரல் அதன்மேல் பட்டபோதுதான் தான் என்ன செய்யப் போகிறோம் என்பது அவருக்குப் புரிந்தது.

எழுந்து ஓடினார். அப்படி அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

மருமகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தாள். உதடு நீலம். கண் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகாமல் தோள்கள் மட்டும் ஏறி ஏறி இறங்கின. அவள் கைகள் இரண்டும் தாளைக் கசக்கிப் பிடித்திருந்தன. தட்டியது அவள் இல்லை.

டொக், டொக்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

கண்ணாடி உட்புறமாகப் பனித்திருந்தது. பனிப்பு சுருங்கியது, விரிந்தது, சுருங்கியது.

"அங்க யாரு சார்?" என்றார் வாசலில் வந்து நின்ற தலைவர்.

"என் தங்கச்சி" என்றார் அவர். "நான்தான் உள்ள வெச்சுத் தாழ் போட்டேன். மருந்து கேட்டுத் தட்டினா. ஆளுங்க முன்னாடி மானம் போயிடும்னு திறக்காம விட்டேன். செத்துப் போனா. எங்கப்பா குடிகாரர், எங்கம்மாவ அடிச்சார். அவ எழுதினது அத்தனையும் நிஜம்."

சொல்லிக்கொண்டே கண்ணாடியின் வலது ஓரத்தில், தன் நெஞ்சு உயரத்தில், நாற்பத்தாறு வருடத்துக்கு முன் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் கையை வைத்தார். அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் துருப்பிடித்த இரும்பின் குளிர்ச்சி விரலில் ஏறியது. இழுத்தார்.

தாழ் விலகும் சத்தம் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது.

மருமகள் ஓவென்று ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள்.

சங்கத்துக்காரர்கள் ஓடிப்போய்ப் பக்கத்துத் தெரு டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் பார்த்துவிட்டு நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, சத்தமே இல்லை என்றார். செயலாளர் தன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைத் தேடினார். சாயங்காலம் வந்த மகனிடமும் சர்வேயர் எல்லாவற்றையும் சொன்னார். மகன் கேட்டுவிட்டு வெளியே போய்த் துணிக்கொடிக்குக் கீழே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான்.

மருமகள் மட்டும் கேட்டாள்: "அவங்க பேர் என்ன மாமா?"

சொன்னார். அந்த வீடு அந்தப் பெயரைக் கேட்டு நாற்பத்தாறு வருடம் ஆகியிருந்தது.

அவள் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்கிறார்கள். அவருக்கு இறங்கவில்லை. இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்ததை இனி எல்லோர் கண்ணிலும் படும்படி சுமக்கவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் மகன் கண்ணாடியைக் கழற்றி வெளியே அனுப்பினான். பின்னால் வெறும் சுவர். வெள்ளைப் பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை.

சர்வேயர் பழைய வரைபடத்தை எடுத்து, தென்மேற்கு மூலையில் அந்த அறையை மையால் வரைந்தார். ஒன்பதுக்கு ஒன்பது. உள்ளே தங்கையின் பெயரை எழுதினார். பிறகு, அளக்காமல் எதையும் எழுதி வைப்பது அவர் வழக்கமில்லை என்பதால், இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். அந்த மேற்குச் சுவர் வரையாவது ஒரு முறை சரிபார்த்துவிட வேண்டும்.

பகல் பதினோரு மணி. ஜன்னலில் நல்ல வெளிச்சம். மருமகள் சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

வாசல்படியில் உட்கார்ந்து, டேப்பைத் தரையோடு மேற்குச் சுவரை நோக்கித் தள்ளினார். பின்னறையின் நீளம் பதினாலடி. அது அவருக்கு மனப்பாடம்.

பத்து. பன்னிரண்டு. பதினாலு.

முனை சுவரில் முட்டவேண்டும். முட்டவில்லை.

டேப் போய்க்கொண்டே இருந்தது. பதினாறு. பத்தொன்பது. அவர் தள்ளவில்லை, யாரோ மறுமுனையை இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல் அது கையிலிருந்து உருவிக்கொண்டு போனது.

இருபத்து மூன்றில் நின்றது.

அவர் அளவைப் படிக்கவில்லை. டேப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மறுமுனை இரண்டு தரம் சுண்டியது.