காலியாக விட்ட இரண்டு பக்கங்கள்

காலை மணி 11.20.

"ஐயோ, என் நோட்டைக் காணோம்!"

சாந்தினி போட்ட சத்தத்தில், வீட்டு முன் அஞ்சடித் தாழ்வாரத்தில் நின்று வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரும் உள்ளே ஓடினார்கள். ஹாலில் ரேடியோ மேசைக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள் அவள். மேசையில் ரேடியோ இருந்தது, அணைந்த மெழுகுவர்த்தி இருந்தது. சிவப்பு அட்டை போட்ட தடித்த நோட்டு மட்டும் இல்லை.

நோட்டுதானே என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். சாந்தினி சிலிபினில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். தன் அப்பாவுக்குக்கூடப் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கிறாள். விடுமுறை கிடைத்தால் போதும், கோப்பெங் பக்கம் இந்தப் பழைய தோட்ட வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுவாள். இப்படியே ஆறு வருஷம். அதுதான் அவளுடைய முதல் நாவல், அறிவியல் புனைகதை. மொத்தம் ஐந்து நோட்டு. நாலு ஏற்கெனவே டைப் அடித்தாகிவிட்டது. கடைசி நோட்டை நேற்றுதான் முடித்தாள். மின்சாரம் இல்லாமல் போன் செத்துக் கிடந்ததால் ஒரு பக்கத்தைக்கூடப் படம் பிடித்து வைக்கவில்லை. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

"மறுபடியும் எழுத என்னால முடியாதுடி," என்று சரளாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சரளா கோப்பெங் காவல் நிலையத்தில் சார்ஜன். சாந்தினியும் அவளும் இதே தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்றாக வளர்ந்தவர்கள். இன்றைக்கு ஓய்வு நாள். தோழியின் நாவல் பதிப்பாளர் கைக்குப் போவதைப் பார்க்கலாம் என்று ஆசையாக மோட்டார் எடுத்து வந்தவள், வகையாக மாட்டிக்கொண்டாள். காலை 10.40க்குப் பாலம் முழுகிவிட்டது. முன்னால் ஆறு. பின்னால் இடுப்பளவு தண்ணீரில் செம்பனைக் காடு. அக்கம்பக்கத்து வீடுகளில் ஆள் கிடையாது. அஞ்சடிக்கு மூன்று படி. அதில் ஒன்று அதற்குள் தண்ணீருக்கு அடியில் போயிருந்தது.

"அழாதடி. நோட்டும் நம்மளோடதான் மாட்டிக்கிட்டு இருக்கு. எங்கயும் போயிருக்காது," என்றாள் சரளா.

நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று சுவர்க் காலண்டரில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பேனாவைத் தேடினாள். கயிறுதான் தொங்கியது. சரி போ என்று தன் போனிலேயே குறித்துக்கொண்டாள்.

காலையில் நடந்ததையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மறைத்துவிட்டேன் என்று பின்னால் என்னைத்தான் பிடிப்பீர்கள்.

காலை 9.45. சாப்பாட்டு மேசையில் சரளாவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள் சாந்தினி. கதையில் மோரிகள் என்று ஒரு வேற்றுக்கிரகத்து இனம். அவர்களுக்குக் குரல் கிடையாது. சொல்ல வந்ததை ஒரு பொருளாக எதிரில் எடுத்து வைப்பார்கள். பூமியிலிருந்து போன ஒரு பெண் அந்தப் பொருள்களைப் பார்த்துப் பார்த்தே அவர்களோடு பேசக் கற்றுக்கொள்கிறாள்.

சரளாவுக்குச் சிரிப்பு வந்தது. இது எந்தக் கிரகம் என்று அவளுக்குத் தெரியாதா! சாந்தினியின் அப்பா பழனியப்பனும் அம்மா நல்லம்மாளும் ஒருவரோடு ஒருவர் பேசி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வாசலில் குடை சாய்ந்திருந்தால் அப்பா டவுனுக்குப் போகிறார் என்று அர்த்தம். மேசையில் காலி டின் இருந்தால் சீனி வாங்க வேண்டும். அதற்கு மேல் ஏதாவது இருந்தால் "அவர்கிட்ட சொல்லு," "உங்கம்மாகிட்ட கேளு" என்று நடுவில் சாந்தினி. பன்னிரண்டு வயதில் பிடித்த வேலை, முப்பத்து நாலு வயதிலும் விட்டபாடில்லை.

"கதையில ஒரு மோரி திடீர்னு எதையும் எடுத்து வைக்காம நிறுத்திடும்," என்றாள் சாந்தினி. "ஏன்னு எனக்கே தெரியலை. ரெண்டு பக்கம் காலியா விட்டிருக்கேன். தர்மா அண்ணே அப்படியே காலியா அச்சடிக்கலாம்னு சொல்றாரு."

எதிரில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த பழனியப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். பாதிக் கோப்பி அப்படியே இருந்தது.

பத்தேகாலுக்குப் பதிப்பாளர் தர்மா கார் போட்டு வந்து இறங்கினார். நோட்டு அப்போது ரேடியோ மேசையில் இருந்தது. 10.40க்குப் பாலம் முழுகியது என்றதும் ஒருவர் பின் ஒருவராகப் போட்டது போட்டபடி வெளியே ஓடினார்கள். அதற்குப் பிறகு நோட்டை யாரும் பார்க்கவில்லை.

மணி 11.45. சரளா விசாரணையை ஆரம்பித்தாள்.

முதலில் தர்மா. ஐம்பது வயது, கனத்த உடம்பு, தொடைவரை நனைந்த சிலுவார்.

"பாலம் முழுகுனதும் எங்க போனீங்க அண்ணே?"

"காடிக்கு. கார மேட்டுல ஏத்தி நிறுத்தணும்ல."

"திரும்பி வரும்போது கையில ஒரு பை இருந்துச்சு."

"ஆமா."

"தொறந்து காட்டுங்க."

"அதெல்லாம் முடியாது." அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "என் சொந்தச் சாமான். என்னையப் போய் சந்தேகப்படுறியே, நல்லாவா இருக்கு?"

அடுத்து நல்லம்மாள். அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"அத்தை, நீங்க?"

"நான் எங்க போறது? அஞ்சடி, அடுப்படி, அவ்ளோதான்."

"நோட்டைப் படிச்சிருக்கீங்களா?"

கத்தி ஒரு கணம் நின்றது. "மொத நோட்டு மட்டும். எல்லாம் இந்த வீட்டுக் கதை. வெள்ளைக்காரன் படம் மாதிரி பேர மாத்தி வெச்சிருக்கா. ஊரே படிச்சு சிரிக்கப்போவுது."

"அதனால எடுத்து ஒளிச்சிட்டீங்களா?"

"அடியேய், எம்பொண்ணு ஆறு வருசம் முதுகு ஒடிய எழுதுனதுடி அது!" நல்லம்மாளுக்குக் கண் கலங்கியது. வெங்காயம் என்று சரளா எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாகப் பழனியப்பன். தோட்ட ஆபீசில் முப்பது வருஷம் பேரேடு எழுதிய கிராணியாக இருந்தவர். அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார்.

"மாமா, நீங்க வெள்ளம் பார்க்க கடைசியாத்தான் வந்தீங்க."

"தலை வலிச்சுச்சு. படுத்திருந்தேன்."

"தூங்கினீங்களா?"

"கண்ணை மூடிட்டு இருந்தேன்."

"யாராச்சும் ஹாலுக்குள்ள போனதக் கேட்டீங்களா?"

"மழை சத்தத்துல ஒன்னும் கேக்கலைம்மா."

சரளா ஹாலுக்கு வந்து உட்கார்ந்தாள். ஜன்னலெல்லாம் சாத்தி, வீடு புழுங்கித் தள்ளியது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. சாந்தினி ஒவ்வொரு மெத்தையாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுல ரெண்டு பேருக்கு நடுவுல இருபத்திரண்டு வருசமா மாட்டிக்கிட்டு இருக்கேன் சரளா. அந்தக் கதைல மட்டும்தான் எனக்கு மூச்சு விட முடிஞ்சிச்சு. அதையும் புடுங்கிட்டாங்க."

 சரளா எழுந்து அவளோடு சேர்ந்து அடுத்த மெத்தையைப் புரட்டினாள்.

மணி 12.40. இரண்டாவது படியும் போய்விட்டது. தாழ்வாக இருந்த சமையலறைப் பின்வாசல் வழியாகத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. தரையில் கிடந்ததையெல்லாம் மேலே ஏற்றுங்கள் என்று சரளா சத்தம் போட, எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். தர்மா பையைத் தோளில் மாட்டியபடியே காஸ் தோம்பை உருட்டினார். பழனியப்பன் மூலையில் கிடந்த அரைச் சாக்கு உர மூட்டையில் கால் இடறி, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதைத் தூக்கி அலமாரி மேல் வைத்தார். நல்லம்மாள் அரிசி மூட்டையோடு தனியாக மல்லுக்கட்டினார். சாந்தினி ஓடிவந்து ஒரு கை கொடுத்தாள். "அவர்கிட்ட சொல்லு, மருந்து டப்பாவ எடுத்து மேல வைக்கச் சொல்லி," என்றார் நல்லம்மாள், இரண்டடி தள்ளி நின்ற புருஷனைப் பார்க்காமலே.

இந்தக் களேபரத்தில்தான் தர்மாவின் பை ஜிப் பிய்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து உருண்டது நோட்டு இல்லை. வாழையிலை வைத்துக் கட்டிய இரண்டு பொட்டலம் நாசி லெமா, தேங்காய்ப்பால் சோறு. ஒவ்வொன்றிலும் பொரித்த கோழிக்கால் எட்டிப் பார்த்தது.

"அண்ணே!" என்றாள் சாந்தினி. "புரட்டாசி மாசம் முழுக்க சைவம்னு மேடை மேடையா பேசுனீங்களே!"

தர்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "வீட்டுல சொல்லிடாதீங்கலா," என்றார் மெல்ல. அந்த நிலைமையிலும் நல்லம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சரளா சிரிக்கவில்லை. அவள் அலமாரி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி 2.30. மழை விட்டது. தண்ணீர் மூன்றாவது படியில் நின்றுகொண்டது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எல்லோரையும் ஹாலில் உட்காரச் சொன்னாள் சரளா.

"நோட்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. எடுத்தவங்களே கொண்டாந்து கொடுத்துட்டா நல்லது."

சரளா சுவர்க் காலண்டர் பக்கம் போனாள்.

"சரி, நானே சொல்றேன். இந்தக் காலண்டர்ல எப்பவும் ஒரு பேனா தொங்கும். இன்னைக்குக் கயிறு மட்டும்தான் இருக்கு. நோட்டைத் திருடுறவனுக்குப் பேனா எதுக்கு? அப்புறம் கண்ணாடி. சாந்தினி, மாமாவுக்கு நீ போட்டுக் கொடுத்த கண்ணாடி எதுக்கு?"

"படிக்க எழுத மட்டும்."

"மழையில இன்னைக்குப் பேப்பர்காரன் வரலை. கரண்டும் இல்லை. கண்ணை மூடிப் படுத்திருந்தேன்னு சொன்ன மனுசன் நெத்தியில கண்ணாடி என்ன பண்ணுது?"

பழனியப்பனின் கை தானாக நெற்றிக்குப் போனது.

"இது ரெண்டும் சந்தேகந்தான். முடிவு பண்ண வெச்சது மூணாவது." சரளாவின் குரல் தணிந்தது. "மாமா, கால்ல புத்தகம் பட்டா நாம எல்லாருமே தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். சின்னதுலயிருந்து பழக்கம், யோசிக்காம கை போயிடும். ஆனா உர மூட்டையில கால் பட்டா யாராச்சும் ஒத்திக்குவாங்களா? உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவர்தான் ஒத்திக்குவாரு. அத்தை அரிசியோட மல்லுக்கட்டிட்டு இருக்க, நீங்க முதல்ல தூக்கி வெச்சது உரத்தை."

 பழனியப்பன் எழுந்து போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு பிளாஸ்டிக் உறை சுற்றிய சிவப்பு நோட்டும் காலண்டர் பேனாவும் இருந்தன.

சாந்தினி பாய்ந்து பிடுங்கினாள். "ஏம்பா? ஏன் இப்படிச் செஞ்சீங்க? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?"

"திருட எடுக்கலைம்மா," என்றார் அவர். வார்த்தை சிக்கிச் சிக்கி வந்தது. "காலியா விட்ட பக்கத்தைப் பாரு. எழுதிட்டு அங்கேயே வெச்சிடலாம்னுதான் எடுத்தேன். எழுதினதும் பயம் வந்துடுச்சு. கிழிக்கவும் மனசு வரலை, திருப்பிக் கொடுக்கவும் தைரியம் இல்லை."

சாந்தினி பக்கங்களைப் புரட்டினாள். அவளுடைய சாய்ந்த கையெழுத்துக்கு நடுவே, ஆபீஸ் பேரேட்டில் எழுதுவது போல் நிமிர்ந்த எழுத்து. வாய்விட்டுப் படித்தாள்.

"'தகவல் காலை ஏழு மணிக்கே ஆபீஸ் போனில் வந்துவிட்டது. அவளுடைய தாயார் பாகான் டத்தோவில் விடியற்காலை காலமாகிவிட்டார். அன்றும் இதே போல் பாலம் முழுகியிருந்தது. சொன்னால் அவள் ஆற்றில் இறங்கிவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும். மாலை தண்ணீர் வடிந்த பிறகுதான் சொன்னேன், தகவல் இப்போதுதான் வந்தது என்றேன். அவள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. எப்போது போன் வந்தது என்று அவள் கேட்டாள். மறுபடியும் மாலை என்றே சொன்னேன். அவள் அண்ணன் காலையிலேயே அழைத்ததை அவளிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. அந்த இரண்டாவது பொய்க்குப் பிறகு அவள் பேசவில்லை. எனக்கும் வாய் எழவில்லை. காலை மணி 11.05.'"

நேரம் போட்டுத்தான் முடித்திருந்தார். கிராணி புத்தி.

எல்லோரும் நல்லம்மாளைப் பார்த்தார்கள். அவர் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் வேலை கெட்டுவிடும் என்று புருஷன் மறைத்தார், தன் தாயை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நல்லம்மாள் நம்பியிருந்தார். வெளியே ஆறு இரைந்துகொண்டிருந்தது.

"சாந்தினி," என்றார் கடைசியில். "அவர்கிட்ட சொல்லு..."

பாதியில் நிறுத்தினார். சாந்தினியும் பழக்கத்தில் அப்பா பக்கம் திரும்பியவள், அப்படியே நின்றாள்.

நல்லம்மாள் தலையை நிமிர்த்திப் பழனியப்பனை நேராகப் பார்த்தார்.

"எறங்கியிருப்பேன்தான்," என்றார்.  "அன்னைக்கு நான் அந்த ஆத்துல எறங்கித்தான் இருப்பேன்."

பழனியப்பன் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி மூக்கில் விழுந்தது. அவர் முகத்தை மூடிக்கொண்டு சிறுபிள்ளைபோல் அழுதார்.

"அப்பவே இதைச் சொல்லியிருக்கலாம்ல நீங்க?" என்றார் நல்லம்மாள். பிறகு எழுந்தார். "சோறு ஆறிப்போச்சு. எந்திரிச்சு வாங்க."

சரளா நேரம் பார்த்தாள். மணி 2.55. பாலம் இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது. சாந்தினி நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் நின்றிருந்தாள். சற்று நேரம் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.