இன்னும் இல்லை என்றவர்கள்

நான் கால் இடறி விழுந்ததும் வகுப்பறை இருண்டது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அறிவொளி பரப்பியவர்கள் பலர். இருந்த ஒளியையும் காலால் அணைத்தவன் நான் ஒருவன்தான். மின்வயரில் மாட்டிய செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தட்டிலிருந்த வறுத்த சோயாத் தெம்பே எல்லாப் பக்கமும். திரை போட்டு அடைத்திருந்த அந்த அறையின் கும்மிருட்டில், பயிற்சிக்கு வந்திருந்த வெனிங்கின் முகம் மட்டும் நீலமாகத் தெரிந்தது. விழுந்து கிடந்தவனுக்கு அதை ரசிக்க நேரம் இருந்தது.

யாரோ வயரைச் செருகினார்கள். விளக்கு வந்தது. சற்று நேரத்தில் வெனிங் எழுந்து நின்றாள்.

"காணோம்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

சமூக ஆய்வாளர்களுக்குத் தரவுகளைக் கணினியில் அலசச் சொல்லிக்கொடுக்கும் ஐந்து நாள் பயிற்சி அது. தலைமைப் பயிற்றுநர் இபு முர்த்தினி. எங்கள் பேச்சில் இபு என்றால் அம்மா, பாக் ஐயா, மாஸ் அண்ணன், எம்பாக் அக்கா. அவருடைய உதவியாளன் தேஜோ, அதாவது நான். காலையில் பாடம், மாலையில் பலகாரம். வெனிங் தென்கரை மீனவக் குடியிருப்புகளில் ஒரு வருடம் நடந்து, கடலில் கணவனைத் தொலைத்த பெண்களைப் பேட்டி கண்டவள். அவளுடைய பட்டியலில் ஒரு கேள்வி: 'கணவர் திரும்பி வந்துவிட்டாரா?'

சிலர் 'ஆமாம்' என்றிருந்தார்கள். ஈமச் சடங்கு முடித்தவர்கள் 'இல்லை' என்றிருந்தார்கள். மற்றவர்கள் எங்கள் ஊர் வழக்கப்படி 'பெலும்' என்றிருந்தார்கள். இன்னும் இல்லை என்று அர்த்தம். எங்களுக்கு வெறும் 'இல்லை' என்பது முகத்தில் கதவைச் சாத்துவது போல. கல்யாணமே ஆகாத கிழவரைக் கேட்டாலும் 'இன்னும் இல்லை' என்றுதான் சொல்வார்.

அந்த மூன்றாவது கூட்டம்தான் காணாமல் போயிருந்தது. மறுநாள் மாவட்ட அதிகாரிகள் வருகிறார்கள். காத்திருப்பவர்கள் இருந்தால் தேடுதல் தொடரும். ஒருவரும் இல்லையென்றால் விவகாரத்தை முடித்துவிடுவார்கள். வெனிங்கின் அட்டவணைப்படி இப்போது அந்தக் கரையில் ஒருத்தியும் காத்திருக்கவில்லை.

நகல் இருக்கிறதா என்று கேட்டேன். நகல் எடுக்கும் பாடத்தை நாங்கள் நான்காம் நாளுக்கு வைத்திருந்தோம். அன்று மூன்றாம் நாள்.

பழி என் காலின்மேல். ஆனால் என்னைத் தவிர யாரும் அதைச் சொல்லவில்லை. "பரவாயில்ல மாஸ்" என்று வெனிங் சிரித்தாள். கோபமா என்று கேட்டேன். "இல்லையே" என்று இன்னும் அழகாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைவிடச் செருப்பை எறிந்திருக்கலாம். ஒன்று ஏற்கெனவே கழன்றுதான் கிடந்தது.

துப்பறிவது என்று முடிவு செய்தேன். முதல் சாட்சி, வெனிங்குக்குப் பக்கத்து இருக்கைக்காரர், மூத்த விரிவுரையாளர் பாக் சர்வோனோ.

"பாக், அவங்க கம்ப்யூட்டரை யாராவது தொட்டாங்களா?"

"தொடறதுன்னா..." தேநீரைக் கிளறினார். "வகுப்புன்னா கை படத்தானே செய்யும், மாஸ்."

"அப்ப வயராலதான் போச்சா?"

"வயரும் பாவம். ஆனா காலைல உங்க பாடம் ரொம்பச் சுத்தமா இருந்துச்சு."

பாராட்டுக்கு நன்றி சொன்னேன். வெனிங்கின் அறைத்தோழி ராத்ரியைக் கேட்டதற்கு, நான் சாப்பிட்டேனா என்று மூன்று முறை விசாரித்தாள். காலைப் பாடத்தின்போது வெனிங் தொலைபேசி வந்து வெளியே போயிருந்தாள் என்பதை மட்டும், என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

எனக்குப் போதுமானதாக இருந்தது. வெளியே போன நேரம், பக்கத்து இருக்கை, அதே கரையைப் பற்றி ஆய்வு செய்யும் பொறாமைக்காரர். குற்றவாளி சர்வோனோ! இபு முர்த்தினியிடம் ஓடினேன். அவர் வெனிங்கின் மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தார். விழுந்தது முதல் எல்லாவற்றையும், நீல முகம் உட்பட, ஒப்பித்தேன்.

"ரூம் நல்ல இருட்டா?" என்று கேட்டார்.

"கும்மிருட்டு, இபு."

"அப்ப அந்த நீலம் எங்கேருந்து வந்துச்சு?"

  மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி உண்டு. விளக்கு அணைந்தது, ப்ரொஜெக்டர் அணைந்தது. அவளுடைய திரை அணையவே இல்லை. என் கால் நிரபராதி.

"இன்னொண்ணு" என்றார் இபு. "கரண்டு போனா பைல் பாதி போகும், இல்ல முழுசாப் போகும். ஒரே பதில் சொன்னவங்களை மட்டும் அதுக்குப் பொறுக்கி எடுக்கத் தெரியுமா? காலைல என்ன பாடம் எடுத்தே?"

தரவைச் சுத்தம் செய்வது. 'ஆமாம், இல்லை தவிர மற்றதெல்லாம் குப்பை, ஒரே வரியில் துடைத்துவிடுங்கள்' என்று கைதட்டல் வாங்கிய பாடம்.

"எதுல எடுத்தே?"

என் கணினிக்கும் ப்ரொஜெக்டருக்கும் அன்று காலை பேச்சுவார்த்தை இல்லை. முன்வரிசையில் திறந்திருந்த ஒன்றை இழுத்துக்கொண்டேன். எல்லாரிடமும் இருந்த பயிற்சிக் கோப்பு என்றுதான் நினைத்தேன். துடைத்தேன். சேமிக்கவும் செய்தேன், முன்மாதிரியாக.

இபு திரையைப் பெருவிரலால் காட்டினார். ஆள்காட்டி விரலை நீட்டுவது எங்களில் மரியாதையில்லை. திரையில் என் வரி நின்றது, காலைப் பாட நேரத்தோடு. பிறகு அந்தப் பெருவிரல், மிகுந்த மரியாதையோடு, என் பக்கம் திரும்பியது. காலையில் நான் துடைத்ததை வகுப்பு முழுவதும் கண்ணால் பார்த்திருந்தது. மனம் நோகக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

வெனிங்கின் பேட்டிகள் குரலாக அவள் கைபேசியில் இருந்தன. மாலை வெயில் இருக்கும்போதே எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு மறுபடி தட்டச்சு செய்தோம். சர்வோனோதான் முதலில் உட்கார்ந்தார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

என் காதில் ஒரு பெண் குரல். கேள்விக்குப் பிறகு அடுப்பில் ஏதோ பொரிகிற சத்தம். பிறகு "இன்னும் இல்லம்மா" என்றாள், அவர் கடைக்குப் போயிருப்பது போல. அடுத்தவளும் அப்படித்தான். அதற்கடுத்தவள் பதிலுக்குப் பின், இரண்டு பேருக்குச் சோறு வைத்திருப்பதாகச் சொன்னாள். குப்பை என்று நான் பெயரிட்டது இவர்களுக்கு. ஒவ்வொருத்தியையும் அவரவர் வரியில் எழுத்து எழுத்தாகத் திரும்ப உட்கார வைத்தேன்.

வெனிங் என் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள்.

"எம்பாக்" என்றேன். "உண்மையைச் சொல்லுங்க. என்மேல கோபமா?"

அவள் சிரிக்கவில்லை.

"ஆமா. ரொம்பக் கோபம். நாளைக்கு அதிகாரிங்க வந்து, இந்தப் பேரெல்லாம் படிச்சு முடிக்கிற வரைக்கும் இருக்கும். அதுவரைக்கும் இங்கேயே உக்காந்து டைப் அடிங்க."