பனி முகட்டில் மாடி வீடு

“நாலு பேரா போறீங்க, நாலு பேரா திரும்பணும்! உச்சி வெயில் சாய்ஞ்சா பனி இளகும், மேகம் இறங்கும். அதுக்கு முன்னால வந்திரணும். வழி தப்புமோன்னு பயமே வேண்டாம். முகடு முழுக்கக் கல்லை அடுக்கி வச்சிருக்கோம். கல்லடுக்கு எங்க இருக்கோ, அங்கதான் வழி!”

தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி பிம்லா அக்கா வாசலில் நின்று இந்தியில் பொரிந்து தள்ளியதைச் செல்லக்கனி அப்படியே தமிழில் சொன்னாள். புனேயில் வேலை பார்த்தவள். இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேச்சிமுத்துவும் ரீகனும் சமர்த்தாகத் தலையாட்டினார்கள்.

ஆவுடையப்பன் மட்டும் அந்தப் பக்கமே இல்லை. தொழுவத்துக்குப் பின்னால், ஒற்றைக் கம்பி சிக்னலில், திருநெல்வேலியிலிருக்கும் வாடகை வீட்டு உரிமையாளரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“சார், சித்திரை முடியட்டும் சார்... அவ மாசமா இருக்கா. இந்த நேரத்துல சாமானைத் தூக்கிட்டு எங்க சார் போவேன்?”

மறுமுனையில் லைன் வெட்டுப்பட்டது. ஆவுடை போனை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“அக்கா என்ன சொல்லிச்சு?”

“சீக்கிரம் வரச் சொல்லிச்சு. நடலே!” என்றான் பேச்சி.

கல்லைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை!

நால்வரும் பாளையங்கோட்டை பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. எத்தனையோ வருடமாகப் பேசிப் பேசியே தள்ளிப்போன இமாச்சலப் பயணம் இப்போதுதான் கைகூடியிருந்தது. பங்குனி வெயில். கீழே ஆப்பிள் தோட்டங்களில் மொட்டு கட்டியிருக்க, மேலே கோரி தார் முகடு மட்டும் இன்னும் வெள்ளைப் போர்வையை உதறாமல் படுத்திருந்தது. காலைப் பனி சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. கால் பதியவில்லை, ஏறுவது சுலபமாக இருந்தது.

முகட்டில் கூப்பிடு தூரத்துக்கு ஒன்றாகக் கல்லடுக்குகள். அதைக் கண்டதும் ஆவுடைக்கு முகம் மலர்ந்தது.

நம்மூர் மலைக்கோயில் பாதைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்லின்மேல் கல்லாக நாலைந்து வைத்து, ‘எனக்கும் சொந்தமா ஒரு வீடு அமையணும் சாமி’ என்று வேண்டிக்கொள்வார்கள். வீடில்லாதவன் பாடு எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று ஆவுடை நினைத்துக்கொண்டான். பாவம், இந்தக் குளிரில் வந்து வேண்டியிருக்கிறார்கள்!

பாதி முகட்டில் ரீகன் ஒரு பெரிய பாறையில் உட்கார்ந்துவிட்டான். பெரியதாழைக் கடற்கரைக்காரன். அலையில் ஆடும் வள்ளத்தில் ஒற்றைக் காலில் நிற்பவனுக்கு ஆடாத மலையில்தான் தலைசுற்றியது!

“என்னால ஆவாதுலே. உச்சியில இருக்குற கொடிக் கம்பம் வரைக்கும் நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன்.”

“மீனு மலையேறுமோன்னு பாத்தேன்,” என்றான் பேச்சி. “நகராத. அங்கன இங்கன போன, கொன்னுருவேன்.”

மூவரும் நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் முகடு இடப்பக்கம் வளைந்தது. வலப்பக்கம் ஒரு சிறு கிளை முகடு நீண்டு, பனி உருகிய மேட்டில் தட்டைக் கற்களைப் பரப்பி வைத்திருந்தது. கடைசியாக வந்த ஆவுடை நின்றான். முன்னால் போகிறவர்கள் பார்த்தால் கிண்டலடித்தே கொன்றுவிடுவார்கள். மளமளவென்று கற்களைப் பொறுக்கினான். அடியில் அகலம், மேலே குறுகல். கை மரத்தது; விடவில்லை. கேட்பதுதான் கேட்கிறோம், மாடியோடு கேட்போமே என்று இன்னும் இரண்டு கல்லை ஏற்றினான். முகட்டில் அதுவரை பார்த்த எந்த அடுக்கையும்விட அவனுடையது உயரம்! கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான்.

கொடிக் கம்பத்தைத் தொட்டபோதுதான் வானம் மாறியது.

கீழிருந்து புகை மாதிரி ஏறிய மேகம், கண் இமைப்பதற்குள் முகட்டை விழுங்கியது. ஜவ்வரிசி கொட்டியதுபோலப் பனிமணிகள் படபடவென்று விழுந்தன.

“திரும்பு! போட்டோவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!” கனி கத்தினாள்.

கல்லடுக்கு ஒவ்வொன்றாகத் தடவித் தடவி மூவரும் பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். பாறை இருந்தது. ரீகனின் பை இருந்தது. ரீகன் இல்லை!

“ரீகா! லேய் ரீகா!”

காற்று அந்தக் கத்தலைப் பிடுங்கிக்கொண்டு போனது. காலடித் தடம் பார்க்கலாமென்றால், புதுப்பனி எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது.

“கீழ போயிருப்பான்,” என்றான் பேச்சி.

“பையை விட்டுட்டா?” கனி குனிந்து பார்த்தாள். “மேகம் இறங்குனதும் பயந்து நம்மளத் தேடித்தான் கிளம்பியிருக்கான். ஆனா அப்படின்னா எதுக்க வந்திருக்கணுமே! இருக்குறது ஒத்த வழி. வழி நெடுகக் கல்லடுக்கு. அதைப் பிடிச்சு நடந்தா வழி தப்பவே தப்பாதுன்னு பிம்லாக்கா அடிச்சுச் சொன்னால்லா?”

ஆவுடை வளைவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“எ... எந்தக் கல்லடுக்கு?”

“வழியெல்லாம் பாத்தியே, அதுதான். வழிகாட்டக் கிராமத்துக்காரங்க வச்சது. நீ என்னன்னு நெனச்ச?”

தட்டைக் கல், அதன்மேல் தட்டைக் கல், மேலே மாடி. மேகத்துக்குள் தட்டுத் தடுமாறி வருகிறவன் கண்ணுக்கு முதலில் படுவது எது? இருப்பதிலேயே உயரமானது!

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு.

“நான்... என் போனைக் கொடிக் கம்பத்துக்கிட்ட விட்டுட்டேன்,” என்றான் ஆவுடை. “ஓடிப் போயி எடுத்துட்டு, அப்படியே அவனையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன். நீங்க கீழ போயி ஆளக் கூட்டிட்டு வாங்க.”

“கிறுக்குப் புடிச்சிருக்கா? இந்த மேகத்துல தனியாவா?”

“இல்ல, பைக்குள்ள இருக்கோ என்னமோ...” ஆவுடை பையை அவிழ்த்துத் துழாவினான். பிஸ்கட், கையுறை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டான். சட்டைப்பையைத் தட்டினான். எதைத் தேடுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. தானே போய், தானே கண்டுபிடித்து, ஒருவருக்கும் தெரியாமல் அந்தக் கல்லை உதைத்துத் தள்ளிவிட முடியாதா? புத்தி அந்தச் சந்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. பனி கொட்டிக்கொண்டே இருந்தது.

பேச்சி அவன் நெஞ்சைத் தொட்டான். “இது என்னதுலே?”

உறைக்குள் போன் பளபளத்தது.

ஆவுடை பனியில் உட்கார்ந்தான். “நான்தாம்லே அவனைக் கொன்னுட்டேன்.” ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினான். வளைவு, கிளை முகடு, கல், மாடி, வேண்டுதல்.

பேச்சி கையை ஓங்கினான். கனி பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

“அடிக்கிறதெல்லாம் கீழ போயி வச்சுக்க. ஏ ஆவுடை, எந்திரி! இடத்தைக் காட்டு!”

மூவரும் ஓடினார்கள். வளைவு வந்தது. வலப்பக்கம், பனிமணி படிந்து, ஆவுடையின் மாடி வீடு கம்பீரமாக நின்றது. அதைத் தாண்டிக் கிளை முகடு சர்க்கரைத் தளம்போலச் சமமாகப் போய், சட்டென்று முடிந்தது. முடிந்த இடத்தில் ஓர் ஆள் அகலத்துக்குப் பனி உடைந்து விழுந்திருந்தது.

ஆவுடை அதை நோக்கிப் பாய்ந்தான்.

“நில்லுலே!” கனி அவன் பையைப் பிடித்து இழுத்தாள். “கீழ மண்ணு கிடையாது, வெறும் பனிதான் நீட்டிக்கிட்டு நிக்கி. ரீகா! ரீகா!”

“...இங்கன!”

காற்றுக்குக் கீழிருந்து வந்தது அந்தக் குரல். மெலிந்த குரல். ஆனால் உயிருள்ள குரல்!

கனி குப்புறப் படுத்து அங்குலம் அங்குலமாக ஊர்ந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றரை ஆள் ஆழத்தில் பாய் அகலத்துக்கு ஒரு பாறை விளிம்பு. அதில் முதுகை ஒட்டிக்கொண்டு ரீகன் நின்றான். ஒரு கால் தரையில் படவில்லை. அவனுக்குக் கீழே மேகம். மேகத்துக்குக் கீழே என்னவென்று கேட்க வேண்டாம்!

“கயிறு வேணும்!”

யாரிடம் இருக்கிறது கயிறு? பேச்சி திருதிருவென்று விழித்தான். பிறகு வெட்கத்தோடு பையைத் திறந்து ஓர் எட்டு முழ வேட்டியை உருவினான்.

“பனியில வேட்டி கட்டி போட்டோ எடுக்கலாம்னு...”

“உன்னைய மாதிரி ஆளு வேணும்டா!” கனி தன் கம்பளிச் சால்வையையும் உருவிப் போட்டாள். “ரீகா, வேட்டியும் சால்வையும் சேத்துக் கட்டுதோம்!”

கீழிருந்து அதட்டல் வந்தது. கயிறு என்றதும் கடற்கரைக்காரனுக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது போலிருக்கிறது. “துணியை நனை! முறுக்கு! நனைஞ்ச முடிச்சுதான் நழுவாது!”

“நான் விளிம்புக்குப் போறேன்,” என்றான் ஆவுடை. “என்னாலதான விழுந்தான். விழுந்தா நானும் விழுதேன்.”

“அங்க லேசான ஆளுதான் போகணும், அது நான்,” என்றாள் கனி. “பரிகாரமெல்லாம் அப்புறம் செய்யி. இப்ப உங்கிட்ட இருக்குறது உன் தொந்தி ஒண்ணுதான். பின்னால உக்காந்து, காலை ஊனி, கயித்தை இடுப்புல சுத்து. அசையாத!”

ஆவுடை உட்கார்ந்தான். குதிகாலைப் பனிக்குள் இறக்கினான். ஈரத்துணி இடுப்பை அறுத்தது. அவனால் எதையும் பார்க்க முடியவில்லை. பேச்சியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. “இழு!” என்றால் இழுத்தான். “நிறுத்து!” என்றால் பல்லைக் கடித்தான். ஒரு தடவை பாரம் சட்டென்று கூடியது; விளிம்பில் பனி உடைந்து சரிந்த சத்தம் கேட்டது. ஆவுடை அடி அடியாக முன்னால் சறுக்கினான். ‘இவனை விட்டுட்டு மட்டும் நான் வீடு போய்ச் சேரக் கூடாது!’ குதிகால் ஒரு கல்லில் இடித்து நின்றது.

“இழு! இழு! இழுலே!”

விளிம்பில் ஒரு கை முளைத்தது. பிறகு குல்லா. பிறகு நீலம் பாரித்த உதட்டோடு ரீகன். நால்வரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து மூச்சு வாங்கினார்கள்.

“எப்பிடிலே கண்டுபிடிச்சீங்க?” என்றான் ரீகன், பல் கிட்டிக்க.

கனி ஆவுடையைப் பார்த்தாள். பேச்சியும் பார்த்தான்.

“ஆவுடைதான்... இங்கன இருப்பன்னு சொன்னான்,” என்றான் பேச்சி கடைசியில். பொய்யில்லை. ஆனால் உண்மையுமில்லை.

ஆவுடை எழுந்து போய்த் தன் மாடி வீட்டை ஒவ்வொரு கல்லாகப் பிரித்துச் சரிவில் வீசினான்.

“அதை ஏம்லே கலைக்க? வழிக்கல்லுல்லா?”

“தப்பான இடத்துல இருக்கு,” என்றான் ஆவுடை. அடுத்த கல்லை எடுத்து வீசினான்.

ரீகனை முறை வைத்துச் சுமந்து இறங்கினார்கள். தன் முறை முடிந்தும் ஆவுடை இறக்கி வைக்கவில்லை. “மக்கா, நீ மட்டும் இல்லேன்னா...” என்று ரீகன் காதருகே சொல்லச் சொல்ல, சுமை ஏறிக்கொண்டே போனது.

கிராமமே டார்ச்சோடு எதிரே வந்தது. பிம்லா அக்கா கணுக்காலைத் தொட்டுப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, வீக்கம்தான் என்றாள். கண்டுபிடித்தவன் இவன்தான் என்று யாரோ சொல்ல, ஆவுடையின் முதுகில் ஒரு தட்டு. ஒரு டம்ளர் டீ. அதன்மேல் இன்னொரு டம்ளர். ஆவுடை குடிக்கவில்லை. ஏடு படிந்து ஆறியது டீ.

அடுப்பருகே படுத்திருந்த ரீகன் ஊருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவனுடைய அம்மா ஸ்டெல்லாவின் அழுகை அறை முழுக்க நிறைந்தது.

“மக்களே ஆவுடை! எம்புள்ளைய நீதான்யா மீட்டுக் குடுத்த. மாதா கோயில்ல உன் பேருக்கு மெழுகுதிரி ஏத்துதேன். உன் பொண்டாட்டி நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணும்!”

“ஏத்தாதீங்கம்மா,” என்றான் ஆவுடை.

ரீகன் தலையைத் திருப்பினான்.

“அவன் விழுந்ததே என்னாலதாம்மா.” சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. ரீகனின் முகத்தைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டே, கல் முதல் கடைசிவரை சொல்லி முடித்தான்.

போனில் பெரியதாழைக் கடல் இரைந்தது.

“தெரியாமச் செஞ்ச, சரி,” என்றாள் ஸ்டெல்லா அம்மா. “உன் கல்லாலதான்னு தெரிஞ்ச உடனே சொன்னியா?”

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள்.

“இல்லம்மா. கேலி பண்ணுவாங்கன்னு... திட்டுவாங்கன்னு... போனைத் தேடுத மாதிரி நடிச்சேன். நான் நடிச்ச நேரம் பூரா இவன் அங்கன ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு இருந்திருக்கான்.”

“போனை அவங்கிட்ட குடு.”

ரீகன் ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தான். “ம்... சரிம்மா... ம்.” என்ன சொன்னாள் என்று அவன் சொல்லவில்லை. ஆவுடை கேட்கவுமில்லை.

“அந்தக் கல்லைக் கண்டதும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா?” என்றான் ரீகன், கூரையைப் பார்த்தபடி. “சிலுவை போட்டுக்கிட்டேன். அப்பாடா, வழி கெடைச்சிட்டுன்னு.”

ஆவுடைக்குக் கன்னத்தில் அறை வாங்கியது போலிருந்தது.

“கோவம் இருக்குலே. நெறையா இருக்கு. நாளைக்குத் தெம்பா சண்டை போடுதேன். நீ எங்கயும் ஓடிராத.” ரீகன் முழங்கையை ஊன்றி எழுந்தான். “இப்ப எனக்குக் கக்கூஸுக்குப் போணும். தூக்கு.”

ஆவுடை குனிந்து முதுகைக் காட்டினான். ரீகனின் கைகள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன, கொஞ்சம் இறுக்கமாகவே. வெளியே முற்றம் முழுக்கப் புதுப்பனி. காலையில் நடந்த தடமெல்லாம் மூடிப்போய், எது பாதை எது பள்ளம் என்று தெரியவில்லை. வாசற்படியில் ஆவுடை தயங்கினான்.

“என்னலே, வழி தெரியாதா?”

“தெரியும். இருந்தாலும் கேட்டுக்கிடுதேன்,” என்றவன், வீட்டுக்குள் திரும்பித் தனக்குத் தெரிந்த இரண்டு இந்தி வார்த்தைகளையும் சேர்த்து உரக்கக் கேட்டான்.

பிம்லா அக்கா சிரித்துக்கொண்டே விளக்கோடு வெளியே வந்தாள். அவள் முன்னால் நடக்க, அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, ரீகனைச் சுமந்துகொண்டு நடந்தான் ஆவுடை.