ஏழாம் வீட்டுப் பக்கம்

1992, வைகாசி மாதம், புதன்கிழமை. பின்னேரம் நாலரை மணி.

வாசிகசாலை அலுமாரியைத் திறந்த கனகசிங்கம் தட்டுகளை இரண்டு தரம் தடவிப் பார்த்தார். அவர் கைப்பட எழுதிய 'எல்லை வீதி' கொப்பியைக் காணவில்லை.

முப்பது வருடம் அந்த வீதிக்குத் தபால் கொடுத்த மனிதர் அவர். ஒரு பக்கம் தமிழர், மறுபக்கம் முஸ்லிம்கள். முதலில் கிணறு வெட்டியவர் யார், பெருநாளுக்கு யார் வீட்டு வட்டிலப்பம் யார் வீட்டுக்குப் போனது என்று வீட்டுக்கொரு பக்கமாக எழுதியிருந்தார். இரண்டு வருடத்துக்கு முந்திய கலவரத்தில் இரண்டு பக்கமும் சிதறிப்போயிற்று. வீதி முழுசாக இருந்தது அந்தக் கொப்பியில் மட்டும்தான்.

கலவரத்தில் ஊரை விட்டுப் போன ஹிதாயா வெள்ளிக்கிழமை தன் வீட்டைக் கேட்டு வருகிறாள். தாய் சீதனமாகக் கொடுத்த ஏழாம் வீட்டின் உறுதிப் பத்திரம் எரிந்துவிட்டது. வீடு அவளுடையதென்று சொல்ல மிஞ்சியிருந்த எழுத்து அந்தக் கொப்பி ஒன்றே.

காலை பத்து மணிக்கு அது அலுமாரியில் இருந்தது. பூட்டு உடையவில்லை. சுவர்ப் படத்துக்குப் பின்னால் சாவி தொங்குவது இன்னும் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஆட்களைத் தேடிப் போவது தபால்காரருக்குப் புதிதா? சைக்கிளை எடுத்தார்.

4.50. வாசிகசாலைத் தலைவர் வேலப்போடி. முழங்கால் வரை ஈரச் சேறு.

"விடிய வயல் வட்டைக்குப் போய்த் தண்ணி கட்டிட்டு இப்பதான் வாறன்."

"மத்தியானம் என்ன சாப்பாடு?"

"பழஞ்சோறும் சுட்ட கருவாடும். ஏன், கொப்பியக் கறியாக்கித் திண்டுட்டன் எண்டு நினைக்கிறீங்களா?"

5.15. வாசிகசாலை கூட்டும் சின்னத்தங்கம். நெற்றி நிறையத் திருநீறு.

"காலம்பற பஸ்ஸில களுவாஞ்சிக்குடிக்குப் போனன் அண்ணே. வருசச் சடங்குக்குக் கண்ணகை அம்மன் கதவு திறந்து மூண்டு நாள்."

"சாப்பாடு?"

"கோயில் சோறும் பூசணிக்காய்க் கறியும். இந்தக் கிழமை அந்த ஊர்ல எவள் மீன்சட்டி ஏத்துவாள்?"

5.40. ஏழாம் வீடு. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் சொந்த வீடு எரிந்தபின், வாசிகசாலையைப் பின்னேரம் பூட்டும் இளையதம்பி மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் அங்கேதான் ஒதுங்கியிருந்தான்.

"நான் களுவாஞ்சிக்குடியில அக்கா வீட்ட நிண்டன். மூண்டு மணிக்குத்தான் வந்தன்."

"அக்கா என்ன ஆக்கினா?"

"கணவாய்க் கறி."

கனகசிங்கம் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"கணவாய் திண்டது உண்மைதான், தம்பி. திண்ட இடம்தான் பொய். அங்க அம்மன் கதவு திறந்து மூண்டு நாள். கதவு அடைக்கும் வரைக்கும் உன்ட அக்கா கணவாயைக் கையாலயும் தொடமாட்டா. நீ போயிருந்தா உனக்கும் பூசணிக்காய்தான். கொப்பிய எடு."

இளையதம்பி நெல்மூட்டைக்குப் பின்னாலிருந்து கொப்பியை எடுத்து வந்தான்.

"கிழிக்கத்தான் எடுத்தன் அண்ணே. இந்த வீடும் போனா ரெண்டு பொம்புளப் புள்ளையளோட எங்க போற?"

"கிழிச்சியா?"

அவன் ஏழாம் வீட்டுப் பக்கத்தை விரித்துக் காட்டினான். கனகசிங்கமே எழுதி மறந்துபோன வரிகள்: 'வாவி பெருகி வீதிக்கு ஏறிய அன்று ஹிதாயா பிறந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நடந்துவந்து பிள்ளை பெறுவித்தவள் மருத்துவிச்சி சீனிப்பிள்ளை.'

"அம்மாட படமும் வீட்டோட எரிஞ்சிட்டு," என்றான் இளையதம்பி. "அவட பேர் வேற எங்கயும் எழுதிக் கிடக்கா அண்ணே? நான் எப்படிக் கிழிக்கிற?"

வெள்ளிக்கிழமை ஹிதாயா வந்தபோது வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. இளையதம்பியின் மூட்டை முடிச்சுகள் வேலிப் படலையடியில் இருந்தன. கொப்பியை இளையதம்பியே நீட்டினான்.

அவள் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"நீங்க சீனிப்பிள்ளை மருத்துவிச்சிட மகனா? மௌத்தாகிக் கண்மூடும் வரைக்கும் உம்மா அவட பேரத்தான் சொல்லிட்டிருந்தா." பிறகு படலையைப் பார்த்தாள். "அந்த மூட்டையள உள்ளுக்கு எடுங்க. ஊர் சரிவந்து நான் வரும் மட்டும் வீட்டுக்கு ஆள் வேணும்."

கனகசிங்கம் பேனையை எடுத்தார். கண் கலங்கியதில் எழுத்துத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: '1992. ஏழாம் வீடு ஹிதாயாவுடையது. காவல், சீனிப்பிள்ளையின் மகன் இளையதம்பி.'