காலை ஏழு மணிக்கு எழுபத்திரண்டு

இருபத்துமூன்றாவது நாள் காலையிலும் எழுபத்திரண்டுதான் வந்தது. கணவரின் மணிக்கட்டை விடாமல் பிடித்தபடியே, மடியில் கிடந்த நோட்டில் அந்த எண்ணை எழுதினாள். நல்ல எண். எந்த டாக்டரும் பார்த்ததும் தலையாட்டக்கூடிய எண். ஆனால் அந்தக் கை சமையல் மேடைக் கல்லைப்போலச் சில்லென்று இருந்தது. நேற்றும் அப்படித்தான். முந்தாநாள் இதைவிடக் கொஞ்சம் தேவலை.

"எவ்வளவு?" என்று அவர் கேட்டார்.

"எழுபத்திரண்டு."

"பரீட்சை பாஸ்" என்று சொல்லி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார். எண்ணும் அந்த ஒரு நிமிடமும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரமும்தான் அவர் முகத்தில் களை இருக்கும். அப்புறம் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அவள் துணி ஆலைக்குக் கிளம்பும்போது கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போகும் டீ, சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது ஆடை கட்டி அப்படியே இருக்கும்.

சும்மா இருக்கும்போது மற்றவர்களுக்கு எழுபது எண்பது துடிக்கும் என்றால் அவருக்கு எப்போதுமே ஐம்பதுதான். முப்பது வருடம் லாரி பட்டறையில் இன்ஜினுக்குள் தலையை விட்டுக் கிடந்தவர். "நம்ம வண்டி ஐட்லிங் கம்மி, டீசல் மிச்சம்" என்று அதையும் பெருமையடித்துக்கொள்வார். அந்தச் சோம்பேறி இதயம் போன மாதம் ஒரு மத்தியானம், கழுத்து நரம்பு தெறிக்கத் தாறுமாறாக ஓடியது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். தாளத்தைச் சீராக்க மாத்திரை கொடுத்தார்கள். ஏற்கெனவே நடை தளர்ந்த இதயத்தை அது இன்னும் மெதுவாக்கும், அதுதான் சங்கடம். அதனால் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். காலையும் மாலையும் நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். நாற்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் மாத்திரை கொடுக்காமல் உடனே போன் செய்ய வேண்டும். தாளம் தப்பும் நாடியை மெஷின் சில சமயம் தப்பாகக் காட்டும், கையால் எண்ணுவதே நல்லது.

கையால் பார்ப்பதை அவளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? பத்தொன்பது வருடமாக ஆலையில் தரம் பார்ப்பவள். ஓடுகிற துணியின் மேல் கட்டைவிரலை வைத்தால் போதும், கண்ணுக்குப் படாத முடிச்சும் விட்டுப்போன இழையும் விரலுக்குத் தெரிந்துவிடும். நாடியும் அப்படித்தான் தெரிந்தது. முதல் நாளே கட்டைவிரல் வைத்ததும் துல்லியமாகக் கிடைத்தது, டக், டக் என்று. எழுபது. மனுஷன் தேறிவிட்டார் என்று அன்றைக்கு அவள் குளியலறைக்குள் போய்ச் சந்தோஷத்தில் அழுதாள்.

பதினாறாம் நாள் மட்டும் தொண்ணூற்றெட்டு வந்தது. தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்துபோய் கீழே ஓடி, மூன்று மாடியை ஒரே மூச்சில் ஏறி வந்து, உட்கார்ந்ததும் எண்ணினாள். அவர் அசையாமல்தான் இருந்தார். பயந்துபோய், கால் மணி நேரம் கழித்து மறுபடி எண்ணியபோது எழுபத்துநான்கு. அதையே எழுதினாள். தப்பாக எண்ணியிருப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் மனது தேறவில்லை. எண் சரியாக இருந்தது, ஆள் சரியாக இல்லை. எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத கிரீஸ் வாடை எப்போது போனதென்றே தெரியவில்லை. அவர் பக்கத்தில் போனால், ரொம்ப நாள் திறக்காத பீரோவைத் திறந்ததுபோல ஒரு வாசனை வந்தது. சத்தம்தான் அதைவிட மோசம். அவர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஃபிரிட்ஜின் முனகல் கேட்டது, குழாய் சொட்டுவது கேட்டது, திரைச்சீலை சுவரில் உரசுவது கேட்டது. யாருமே இல்லாத வீட்டில் என்னென்ன கேட்குமோ அத்தனையும் கேட்டது. அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த மேடையையே திரும்பத் துடைத்தாள். மடித்த துணியைக் கலைத்து மடித்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஏதோ சாக்கில் அவர் இருக்கும் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். போன வாரம் ஆலையில் இரண்டு முடிச்சுகளைக் கோட்டை விட்டாள். படியேறினால் கண் இருட்டியது. கவலை, வேறென்ன என்று நினைத்தாள்.

அன்றைக்கு மறுபரிசோதனை. அவள் ஆலையில் லீவு சொல்லியிருந்தாள்.

"நீயே நோட்டைக் காட்டிட்டு வாம்மா. எனக்கு எந்திரிக்கவே அலுப்பா இருக்கு" என்றார்.

"உங்களைப் பாக்கணும்னுதானே வரச் சொல்லியிருக்காங்க?"

"எழுபத்திரண்டு இருக்குல்ல? அதைப் பாத்தாப் போதும் அவங்களுக்கு."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பக்கங்களைப் புரட்டினாள். மகளாக இருக்கக்கூடிய வயது, அவ்வளவு சின்னப் பெண். புரட்டப் புரட்ட அவள் புருவம் சுருங்கியது.

"எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபத்துநாலு... அக்கா, இங்கிருந்து போறப்பவே அவருக்கு நாப்பத்தெட்டுதான். இந்த மாத்திரையில ஏறாதே, இறங்கத்தானே செய்யும்? எப்படி எண்ணுறீங்க? என் கையில காட்டுங்க."

அவள் நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைவிரலை வைத்தாள். டக், டக் என்று உடனே கிடைத்தது.

"கட்டைவிரலா?"

"ஆமா சிஸ்டர்."

"அது கூடாதுக்கா. கட்டைவிரல்ல அதோட சொந்த நாடி பலமா ஓடும். யார் கையில வச்சாலும் உங்க துடிப்புதான் உங்களுக்குத் தெரியும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைக்கணும். யாரும் சொல்லலையா?"

"அப்ப இத்தனை நாளா நான் எழுதினது?"

"உங்க நாடி." நர்ஸ் குரலைத் தணித்தாள். "நிறையப் பேர் பண்ற தப்புதான், பதறாதீங்க. ஆனா அவருது எவ்வளவுன்னு தெரியாமலே மாத்திரை போயிருக்கு. இப்பவே வீட்டுக்குப் போய் ரெண்டு விரல் வச்சுப் பாருங்க. ஒரு மணி நேரத்துல நானே போன் பண்றேன். குறைஞ்சிருந்தா ஆம்புலன்ஸ் அனுப்பிடலாம்."

பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போன் போட்டாள், அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். மத்தியான வெயில் மறைந்து வானம் மூடிக்கொண்டு வந்தது. இருபத்துமூன்று நாள். காலையும் மாலையும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தன்னையே எண்ணியிருக்கிறாள். தன்னையே எண்ணி, 'நல்லா இருக்கீங்க' என்று அவரிடம் சொல்லி, தன் கையாலேயே மாத்திரையும் கொடுத்திருக்கிறாள். நானே அவரைக் கொன்றுவிட்டேனா? அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி ஓடினாள். பஸ் அவளைத் தாண்டிப் போனது.

மூன்று மாடி. கதவு. சாவி இரண்டு முறை தவறியது.

அவர் நாற்காலியில்தான் இருந்தார். காலையில் விட்டுப்போன அதே சாய்வு. கண் திறந்திருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க."

ஃபிரிட்ஜ் முனகியது.

"என்னங்க, போனை ஏன் எடுக்கல?"

அவள் மண்டியிட்டுக் கையை எடுத்தாள். கனத்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல். நர்ஸ் சொன்னபடியே வைத்தாள். ஒன்றும் இல்லை. கொஞ்சம் மேலே. இல்லை. கழுத்தில் வைத்தாள். இல்லை. சட்டையை விலக்கி மார்பில் காதை அழுத்தினாள். அந்த மார்புக்குள் எவ்வளவோ சத்தம் கேட்டவள் அவள். இருமல், சிரிப்பு, குறட்டைக்கு முந்திய கொரகொரப்பு. இப்போது அங்கே காலி டப்பாவின் அமைதி இருந்தது. அதுவும் இன்றைய அமைதியில்லை என்று ஏனோ தோன்றியது. நாள்பட்டது.

எவ்வளவு நாளாக?

அவள் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். உலுக்கியதில் கட்டைவிரல் தானாகப் போய், வழக்கமான பள்ளத்தில் உட்கார்ந்தது.

டக்.

"எவ்வளவு?" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் கண் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உதட்டில் மெல்ல ரத்தம் ஏறியது. "ஏன் இப்படி வேர்த்துக் கொட்டிக்கிட்டு வந்திருக்க? என்ன சொன்னாங்க? எனக்கு என்னமோ ரொம்பப் பசிக்..."

அவள் கையை உதறி எடுத்தாள்.

அவர் வாய் திறந்தபடி நின்றது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியபடி நின்றது. பார்வை அவள் முகத்திலேயே இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. உதட்டின் நிறம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே போனது.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் இடித்தது. ஓடிவிடு என்றது ஒரு மனது. கதவு திறந்துதான் கிடந்தது. கீழே மனிதர்கள் இருந்தார்கள், வெளிச்சம் இருந்தது. அவள் அந்தத் திறந்த வாயைப் பார்த்தாள். முப்பத்தோரு வருடமாகத் தன்னிடம் பசிக்குது என்று சொல்லும் வாய். அதை அப்படியே பாதியில் விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை. தவழ்ந்து வந்து, கட்டைவிரலை வைத்தாள்.

"...குது" என்றார் அவர்.

அவள் அழுதாள். அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். உள்ளங்கை கதகதப்பாக இருந்தது. "எதுக்கு அழற? நல்லாத்தானே இருக்கேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னிக்குத்தான் நல்லா இருக்கு." குரல் பட்டறைக் குரலாக மாறிக்கொண்டிருந்தது. கணீரென்று. அவர் எழுந்து நின்றார். பிடித்த பிடியில் அவளும் எழுந்தாள். கால் மரத்திருந்தது.

போன் அடித்தது. அவள் தோளில் தொங்கிய பையிலிருந்து இன்னொரு கையால் அவரே எடுத்தார்.

"சொல்லுங்க சிஸ்டர். நான்தான் பேசறேன். எண்ணிட்டுத்தான் இருக்கா."

டக்.

கட்டைவிரலில் துடித்தது. அடுத்தது எங்கே என்று அவள் காத்திருந்தாள். சொல்லிவிட வேண்டும். ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்ல வேண்டும். யாருக்கு என்று தெரியவில்லை. வாயைத் திறந்தாள். நாக்கு பெரிதாகி, எடை கூடி, நகர மறுத்தது.

டக்.

"எழுபத்திரண்டு சிஸ்டர். ஆமாமா, ரெண்டு விரல்தான். இப்ப நல்லாக் கிடைக்குதாம்." அவர் சிரித்தார். "அவளா? இங்கதான் நிக்கறா. கொஞ்சம் களைச்சுப் போயிருக்கா. பாவம், என்னால அலைஞ்சது. நான் பாத்துக்கறேன். வச்சுடறேன்."

அவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். மழைக்கு முந்திய காற்று உள்ளே வந்தது. அது குளிராக இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் நடந்தார், அவளும் நடந்தாள். அவர் அலமாரியைத் திறந்தார், அவள் கையும் கூடவே போனது. அவர் ரொட்டியைக் கடித்து, மென்று, விழுங்கினார். இன்னொன்று எடுத்தார். இன்னொன்று. அவர் கன்னம் சிவந்திருந்தது. அவரைப் பிடித்திருந்த தன் விரல் நுனியை அவள் பார்த்தாள். நகம் நீலமாக இருந்தது.

எதிர்மாடியில் காய்ந்த துணியை அவசரமாக உருவிக்கொண்டிருந்த டீச்சர் அவர்களைப் பார்த்துவிட்டாள்.

"அடேங்கப்பா! இந்த வயசுல கையை விடாம என்ன கொஞ்சல்?"

"எங்கே விடறா!" என்று அவர் உரக்கச் சிரித்து, மற்ற கையை உயர்த்தி ஆட்டினார். "அவ விட்டாத்தானே!"

டீச்சர் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

எடுத்துவிடலாம். ஒரு விரல்தானே. அவள் விரலை அசைத்துப் பார்த்தாள். அதன் மேல் அவருடைய இன்னொரு கை வந்து மெதுவாக, அன்பாக அழுந்தியது. அவர் குனிந்து அவள் காதருகே, "எண்ணும்மா" என்றார். மூச்சு சூடாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பியில் தண்ணீர் வழிந்தது. கண்ணைத் திறந்தபடி, அடுத்த துடிப்புக்காக அவள் காத்துக்கொண்டு நின்றாள்.