எதிரொலி வராத கேலரி

மூடிக் கிடந்த அந்தப் பழைய நாடக அரங்கத்துக்குள் கணவனும் மனைவியும் நுழைந்தபோது வெளியே நல்ல வெயில். உள்ளே கும்மிருட்டு, எலிப்புழுக்கை வாடை. அவன் எலக்ட்ரீஷியன். அவள் அரங்கில் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று கைதட்டிப் பார்த்துச் சொல்பவள். காலி இடம் சத்தத்தைத் திருப்பித் தரும், ஆள் நிறைந்த இடம் விழுங்கிவிடும். முந்தைய நாள்தான் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தார்கள். சாமான் வராததால் பேசியதெல்லாம் எதிரொலித்தது. "நீ பேசறது போதாதுன்னு சுவரும் பேசுது" என்று காலையில்கூடக் கிண்டலடித்தான்.

உச்சி கேலரியின் பூட்டைத் திறந்து வயரிங் பார்க்க ஏறினான். மலிவு டிக்கெட்காரர்கள் கீழே வந்து பெரிய மனிதர்களோடு கலந்துவிடக் கூடாதென்று அந்தக் கதவை வெளியே பூட்டிவிடுவார்களாம். பல வருஷத்துக்கு முன் நாடகம் நடக்கும்போது அரங்கம் தீப்பிடித்த அன்றும் பூட்டியேதான் இருந்தது. ஒருவர்கூட இறங்கவில்லை.

அவள் மேடையில் நின்று ஒவ்வோர் அடுக்கையும் பார்த்துத் தட்டினாள். தரைத்தளம் திருப்பித் தந்தது. இரண்டு பால்கனிகளும் தந்தன.

உச்சி கேலரி தரவில்லை.

மறுபடி தட்டினாள்.

அங்கே நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

அவன் அங்கேதானே நிற்கிறான்!

"ஏங்க... பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"யாரு இருப்பா? வெறும் தூசி." கூட்டத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் அமுங்கிக் கேட்டது அவன் குரல்.

"உடனே இறங்கி வாங்க."

"இரு, கதவப் பூட்டிட்டு..."

"பூட்ட வேணாம்! போட்டது போட்டபடி வாங்க!"

முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அவன் இறங்கிய பிறகும் மரப்படிகள் வெகுநேரம் முனகின. பழைய மரம்தானே. அவன் கையைப் பிடித்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. மீண்டும் தட்டினாள். கேலரி கணீரென்று திருப்பித் தந்தது.

"பாத்தியா, ஒண்ணுமில்ல."

வெட்கத்தோடு அவளும் சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். சாமான் இன்னும் வரவில்லை. வெற்றுக் கூடத்தில் நின்று சோம்பல் முறித்தான்.

"என்னடி, இன்னைக்கு சுவரு பேசல?"

அவள் கூடத்தின் நடுவில் நின்று மெல்லக் கைதட்டினாள்.

திரும்பி வரவில்லை.

"ஏங்க," வாசல் பக்கம் திரும்பினாள், "கதவு..."

"நீ சொல்லணுமா? வந்ததுமே பூட்டிட்டேன்."

வாசற்கதவு, உள்ளேயிருந்து பல பேர் ஒன்றாகத் தள்ளுவதுபோல் அதிர்ந்தது.