சம்பந்தி வீட்டுப் பவளம்

புதிதாக வந்த உயிர்ப்பவளம் அன்றைக்கே விரிவதில்லை. எவ்வளவு நல்ல தண்ணீரில் விட்டாலும் இரண்டு நாள், மூன்று நாள் தன்னை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கும். பிறகு ஒரு மொட்டு திறக்கும், அதைப் பார்த்து இன்னொன்று திறக்கும். பத்தொன்பது வருடமாகக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவருக்கு இது தெரியாதா? சம்பந்தி கொண்டுவந்த பவளமோ, உள்ளே வைத்த கால் மணி நேரத்தில் கடைசி மொட்டு வரை விரிந்து நின்றது.

"பாத்தீங்களா சம்பந்தி! பொறந்த வீடு மாதிரி உக்காந்துடுச்சு!" சம்பந்தி தொடையைத் தட்டிச் சிரித்தார். "எங்க வீட்டுத் தொட்டியில வெட்டினது. எங்க வச்சாலும் ஒட்டிக்கும்."

வீட்டுக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, உள்ளறை வாசலில் நின்ற மனைவிக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். அவள் கையில் பிளாஸ்டிக் தொட்டியும் பழுப்பு மருந்துப் புட்டியும் இருந்தன. வெளியிலிருந்து எந்தப் பவளம் வந்தாலும் அந்த மருந்தில் பத்து நிமிடம் முக்கி, உதறி, புழு பூச்சி விழுகிறதா என்று பார்த்து, பின்னறைச் சிறு தொட்டியில் மூன்று வாரம் தனியே வைத்துவிட்டுத்தான் கூடத்துக்குக் கொண்டுவருவது. அது அவர் போட்ட சட்டம். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் ஒரு கோடு பிசகாமல் வேலை பார்த்தவரின் சட்டம். மனைவி ஜாடையைப் புரிந்துகொண்டு புட்டியோடு பின்வாங்கினாள்.

சம்பந்தியின் கார் தெருமுனை திரும்பியதும் அவள் கேட்டாள். "என்னங்க, மருந்துல முக்காமலா உள்ள விட்டீங்க?"

"அவர் கண்ணு முன்னாடி எப்படி முக்குறது? உங்க வீட்டுல இருந்து என்ன சீக்கு வந்திருக்குன்னு பாக்குறோம்னு ஆகாதா?"

"இப்ப எடுத்து முக்கலாமே. அவர்தான் போயிட்டாரே."

"குடுத்த மனுஷன் பாத்த எடத்துல இருந்து எடுக்குறதா? நல்லா இருக்கே."

"பொண்ணு குடுக்கறப்பவும் இதேதான். அந்த வீட்டைப் பத்தி நாலு பேரைக் கேக்கலாம்னேன். கேட்டா மரியாதைக் குறைவுன்னீங்க. பொண்ணையே முக்காமதானே அனுப்பினோம், கல்லுக்கு என்ன வந்துச்சு!"

இந்தக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்த பெண் எவளும் பெட்டியோடு திரும்பி வந்ததில்லை. ஊருக்குள் அவர் நிமிர்ந்து நடப்பதற்கு ஓய்வூதியத்தைவிட அதுதான் பலம். மகள் போய் நான்கு மாதம் ஆகிறது. அவளும் பழகிவிடுவாள்.

அந்த வாரம் மற்ற பவளங்கள் மூடிக்கொண்டன. பத்து வருடமாக எதற்கும் அசையாத மூளைப்பவளம்கூடச் சுருங்கி, கழற்றிப் போட்ட கையுறை போல ஆனது. ஆரஞ்சு மீன்கள் இரண்டும் எதிர்மூலையில் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டி நின்றன; இரை போட்டாலும் நகரவில்லை. கூடத்தில் எப்போதும் இருக்கும் உப்பு வாசனைக்கு அடியில் வேறொன்று வந்தது. ஈரத் தலையைத் துவட்டாமல் மூடிய அறையில் படுத்து எழுந்தால் தலையணையில் இருக்குமே, அந்த வாசனை. தண்ணீரைச் சோதித்தார். உப்பு சரி. சூடு சரி. எல்லா அளவும் கோடு பிசகாமல் இருந்தன.

மாலை ஆறரைக்குத் தொட்டியின் வெள்ளை விளக்குகள் தாமாக அணைந்து நீல விளக்கு ஏறும். மற்றவை மூடிக் கிடக்க, சம்பந்தி வீட்டுப் பவளம் மட்டும் அப்போது இன்னும் விரியும். வெளுத்த சதை நிறம். ஓரத்தில் மெல்லிய பச்சை. ஒவ்வொரு மொட்டின் நடுவிலும் நகத்தால் கீறியது போல ஒரு வாய். எல்லாப் பவளத்துக்கும் வாய் உண்டு. ஆனால் எல்லாப் பவளமும் நீரோட்டம் போகும் பக்கம் சாயும். இது அவர் உட்கார்ந்த பக்கம் சாய்ந்தது. நாற்காலியை இடம் மாற்றிப் போட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தபோது, இதுவும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

பவளம் விற்கும் கடைக்காரருக்குப் படம் அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது.

"சார், இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. எங்க புடிச்சீங்க?"

"சொந்தத்துல குடுத்தாங்க."

"மருந்துல முக்கினீங்கல்ல?"

"முக்காம விடுவேனா?"

"அப்ப பயமில்ல சார்."

பொய் வாயில் வழவழவென்று தங்கியது. தண்ணீர் குடித்தும் போகவில்லை.

மகள் அழைத்தது அடுத்த நாள் மதியம்.

"அப்பா... நான் கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா?"

"ஏம்மா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லல. நல்லாத்தான் வச்சிருக்காங்க." மூச்சு விட்டாள். அந்த மூச்சில் ஏதோ குமிழ் உடைந்தது. "தெனமும் அவங்க தொட்டிக்குள்ள கையை வச்சு உக்காரச் சொல்றாங்க. மாமாதான் சொல்றார். பழகணுமாம். மொதல்ல அஞ்சு நிமிஷம். இப்ப சாயந்திரம் முழுக்க. கை மரத்துப் போவுதுப்பா."

தொட்டிப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார். பட்டப்பகல். வெள்ளை விளக்கு. பவளம் முழுக்க விரிந்து, தொலைபேசி இருந்த பக்கம் சாய்ந்து நின்றது.

"ஒரு வீட்டுக்கு ஒரு வழக்கம் இருக்கும்மா," என்றார். தன் குரல் அவருக்கே தூரத்தில் கேட்டது. "நாலு மாசத்துல வந்து நின்னா நல்லா இருக்காது. பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. போகப் போகச் சரியாயிடும்."

"சரிப்பா," என்றாள். அவள் அப்படி உடனே சரி என்று சொல்கிறவள் அல்ல.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, மனைவி கடைக்குப் போயிருந்த நேரம், ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் கை விட்டார். எடுத்துவிடலாம். சம்பந்தி கேட்டால் செத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பவளம் ஒட்டியிருந்த கல்லைப் பிடித்து அசைத்தார். அசையவில்லை. அடியில் தடவினார். கல் எங்கே முடிகிறது, தரைக் கண்ணாடி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எங்கும் சதை. கையுறை வழியாகவே தெரிந்தது.

அது வெதுவெதுப்பாக இருந்தது.

தண்ணீர் குளிர்ந்திருந்தது. அது மட்டும், காய்ச்சல்காரரின் நெற்றி போல.

வெட்டுக்குறடை எடுத்தார். ஓரத்தில் ஒரு மொட்டு. ஒன்றே ஒன்று. நறுக்கினார்.

தொலைபேசி அடித்தது.

ஈரக் கையோடு எடுத்தார். மறுமுனையில் மகள் அலறிக்கொண்டிருந்தாள்.

"அப்பா! என்னமோ வெட்டிடுச்சுப்பா! வலிக்குதுப்பா!"

"எங்கம்மா? எங்க வலிக்குது?"

"தெரியல... கையில இல்ல... எங்கன்னு சொல்லத் தெரியலப்பா!"

குறடு கீழே விழுந்தது. நறுக்கிய மொட்டு தண்ணீரில் மெல்ல இறங்கியது. அதன் வாய் திறந்தபடியே இருந்தது.

அவர் சம்பந்தியை அழைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, நலம் விசாரிக்காமல் பேசினார்.

"என் பொண்ணைக் கூட்டிட்டு வரணும். இப்பவே கிளம்புறேன். ஊர் என்ன வேணா பேசட்டும்."

மறுமுனையில் அதே கலகலப்பான குரல். "அட, நீங்க ஏன் சம்பந்தி அலையறீங்க? நாங்களே கொண்டுவந்து விடறோம். இப்ப எடுத்தா தாங்கும். நல்லா பழகிடுச்சு."

அழைப்பு முடிந்த பிறகுதான் உறைத்தது. மகளைச் சொல்லும்போது சம்பந்தி ஒருமுறைகூட 'அவள்' என்று சொல்லவில்லை.

ஆறே காலுக்குக் கார் வந்தது. மாப்பிள்ளை இறங்கவில்லை. சம்பந்தி மகளின் தோளைப் பிடித்து, நிறைகுடத்தைச் சுமப்பவர் போல, அலுங்காமல் நடத்தி வந்தார். மகள் முழுக்கைச் சட்டை அணிந்திருந்தாள். கழுத்து வரை பொத்தான். வந்த வழியெல்லாம் தரை நனைந்திருந்தது.

"கண்ணே, என்னடி இப்படி வெளுத்துட்ட!" மனைவி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவள் அப்படியே நின்றாள். பிறகு கைகளை மெல்ல எடுத்துத் தன் புடவையில் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"ஒரு வாரம் ஒண்ணும் செய்யாதீங்க," என்றார் சம்பந்தி. "தொட்டி பக்கத்துலயே இருக்கட்டும். தானா ஒட்டிக்கும்." கை கூப்பினார். போய்விட்டார்.

மகள் தொட்டியருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். நேராகப் பார்த்தாள். இமைக்கவில்லை.

"அம்மாடி," என்றார் அவர். "நம்ம வீட்டுக்கு வந்துட்டம்மா. இனி எங்கயும் போக வேணாம்."

அவள் முகத்தில் அசைவில்லை.

அவர் மண்டியிட்டார். அவள் முழுக்கையின் பொத்தானைக் கழற்றினார். துணி தோலோடு ஒட்டியிருந்தது. மெல்ல உரித்து, முழங்கை வரை ஏற்றினார். வெளுத்த கை. மணிக்கட்டிலிருந்து மேலே, வரிசை வரிசையாக, பயறளவு புள்ளிகள். மூடியிருந்தன.

ஆறரை. வெள்ளை விளக்கு அணைந்தது. நீலம் ஏறியது.

மணிக்கட்டில் ஒன்று திறந்தது. அதன் பக்கத்தில் ஒன்று. கை முழுக்க. கழுத்துப் பொத்தானுக்கு அடியில் துணி மெல்ல மேலெழுந்தது. பச்சை ஓரம். நடுவில் ஒரு கீறல். எல்லாம் அவர் முகத்தை நோக்கிச் சாய்ந்தன.

மகளின் உதடுகள் இறுகி மூடியிருந்தன. அவள் கையிலிருந்த அத்தனை சின்ன வாய்களும், ஒன்றன்பின் ஒன்றாக, அவள் குரலில் கூப்பிட்டன.

"அப்பா."